ஒரே மனை, இரண்டு பத்திரம்

சைப்ரஸ் தீவின் வடகரையில் லாபித்தோஸ் என்று ஓர் ஊர். பின்னால் பெந்தாதாக்திலோஸ் மலை, முன்னால் மத்தியதரைக் கடல், நடுவில் எலுமிச்சைத் தோப்புகள். 1974க்குப் பிறகு அதற்கு லாப்தா என்று பெயர். அங்கே ஒரு மனையைக் காட்டி இது யாருடையது என்று கேட்டால், எந்த அலுவலகத்தில் போய்க் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். தலைநகர் நிக்கோசியாவின் தெற்குப் பாதியிலுள்ள நிலப்பதிவுத் துறையில், 1974 கோடையில் ஊரைவிட்டு ஓடிய ஒரு கிரேக்க சைப்ரியக் குடும்பத்தின் பெயர் இருக்கும். வடக்குப் பக்கத்தில் விசாரித்தால், தெற்கிலிருந்து அகதியாக வந்த ஒரு துருக்கிய சைப்ரியரின் பெயரோ, அனத்தோலியாவிலிருந்து வந்து குடியேறியவர் பெயரோ, அவர்களிடம் கிரயம் வாங்கிய ஓர் ஆங்கிலேயர் பெயரோ இருக்கும். இரு தரப்பும் தங்கள் கையிலிருக்கும் காகிதத்தைக் 'கொச்சான்' என்றே சொல்கின்றன. இரண்டுக்கும் அடியில் கிடப்பது பிரிட்டிஷ் காலத்து அளவைப் படம்.

இந்த இரட்டைப் பதிவிலிருந்து கிளம்பிய வழக்குகள் ஸ்ட்ராஸ்பர்க், லக்ஸம்பர்க், லண்டன் என்று ஐரோப்பாவின் பெரிய நீதிமன்றங்களை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அலைக்கழித்திருக்கின்றன. அவற்றின் சட்ட நுணுக்கங்களைப் பற்றி ஒரு நூலகம் நிறையும் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவற்றுக்குள் ஓடும் ஒரு முரண். நிலம் தனிமனிதருக்குச் சொந்தம், எந்தப் படையும் எந்த அரசும் அதைப் பறிக்க முடியாது என்று வாதாடி ஒரு சமூகம் வென்றது. நிலம் தனிமனிதருக்குச் சொந்தம் என்றால், அவர் நினைத்தால் அதை விற்றுவிட்டுப் போகலாம் என்பதும் அந்த வெற்றியிலேயே அடங்கியிருந்தது. வென்றவர்களுக்கு அது உறைக்கக் கொஞ்சகாலம் பிடித்தது.

முதலில் நிலத்தின் கதை. 1571இல் ஒட்டோமான்கள் தீவைப் பிடித்தார்கள். அவர்களுடைய 1858ஆம் ஆண்டு நிலச் சட்டம், 1878இல் பிரிட்டன் நிர்வாகத்தை ஏற்ற பிறகும் நெடுங்காலம் செல்லுபடியானது. பிரிட்டிஷார் தீவு முழுவதையும் அளந்து தாள் எண், மனை எண் என்று குறித்தார்கள். 1946இல் நடைமுறைக்கு வந்த அசையாச் சொத்துச் சட்டம் பழைய ஒட்டோமான் வகைப்பாடுகளில் பெரும்பாலானவற்றை நீக்கித் தனியுடைமையை உறுதிப்படுத்தியது. நிலத்தை இன்றும் டோனம் கணக்கில்தான் பேசுகிறார்கள். சைப்ரஸ் டோனம் ஏறத்தாழ 1,338 சதுர மீட்டர், நம் கணக்கில் 33 சென்ட். அப்போது கிரேக்கரும் துருக்கியரும் ஒரே பதிவேட்டில் அடுத்தடுத்த வரிகளில் இருந்தார்கள். பல கிராமங்களில் அடுத்தடுத்த வீடுகளிலும்.

1960இல் சுதந்திரம். 1963 டிசம்பரில் இரு சமூகங்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. சுமார் 25,000 துருக்கிய சைப்ரியர்கள் வீடு வாசலை விட்டு, தங்கள் ஆட்கள் சூழ்ந்த பகுதிகளுக்குள் ஒதுங்கினார்கள். பிரிட்டிஷ் ஜெனரல் ஒருவர் நிக்கோசியா வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் போர்நிறுத்தக் கோடு இழுத்தது அப்போதுதான். சொத்து இழப்பு 1974இல் தொடங்கியது என்று தெற்கில் சொல்லும்போது வடக்கில் உடனே 1963ஐ நினைவூட்டுவார்கள். இரண்டும் உண்மை. அளவில் மட்டும் பெரிய வித்தியாசம் உண்டு.

1974 ஜூலை 15இல் கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் அதிபர் மகாரியோஸின் அரசைக் கவிழ்த்தார்கள். ஐந்தாம் நாள் துருக்கிப் படை வடகரை நகரான கைரீனியா அருகே கரையிறங்கியது. ஆகஸ்டு நடுவில் நடந்த இரண்டாம் கட்டத் தாக்குதல் முடிந்தபோது தீவின் 36 விழுக்காட்டுக்கும் மேல் துருக்கியின் கையில் இருந்தது. 1,60,000க்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியர்கள் தெற்கே ஓடினார்கள். அடுத்த ஓராண்டுக்குள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துருக்கிய சைப்ரியர்கள் வடக்கே போனார்கள். நிலத்தை யாரும் சுமந்துகொண்டு போக முடியாது. கொச்சானை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

காலியாகக் கிடந்த வீடுகளில் இரண்டு நிர்வாகங்களும் அகதிகளைக் குடியமர்த்தின. அதற்கு எழுதிய சட்டம்தான் இரண்டு பக்கமும் வேறு.

வடக்கில் 1977இல் வந்த 41ஆம் எண் சட்டம் விசித்திரமான ஏற்பாடு. தெற்கில் நிலம் விட்டு வந்த துருக்கிய சைப்ரியரின் சொத்துக்கு மதிப்புப் போட்டு அதைப் புள்ளிகளாக மாற்றினார்கள். அந்தப் புள்ளிகளுக்கு ஈடாக, வடக்கில் கிரேக்கர் விட்டுச்சென்ற வீடோ தோப்போ கிடைக்கும். இதற்கு 'எஷ்தெயர்' என்று பெயர், சம மதிப்புச் சொத்து. பதிலுக்கு, தெற்கிலிருக்கும் தன் சொத்தின் மீதான உரிமையை வடக்கு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போராளிகளுக்கும் போரில் இறந்தவர் குடும்பங்களுக்கும் தனியாகப் புள்ளிகள் உண்டு. புள்ளிகளே கைமாறத் தொடங்கின, அவற்றுக்கென்று ஒரு சந்தை முளைத்தது. செல்வாக்குள்ளவர்கள் கடற்கரை மனைகளைச் சேர்த்துக்கொண்டார்கள் என்ற குறை வடக்கிலேயே பலகாலமாகப் பேசப்படுவது. துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு ஒதுக்கீடாக நிலம் கிடைத்தது. 1983இல் தனிநாடு அறிவித்த வடக்கு, 1985இல் எழுதிக்கொண்ட அரசமைப்பின் 159ஆம் பிரிவில், 'கைவிடப்பட்ட' சொத்துகள் எல்லாம் அரசுடைமை என்று முடித்துவிட்டது. இந்த நாட்டைத் துருக்கி தவிர வேறு யாரும் அங்கீகரிக்கவில்லை. பாதுகாப்பு அவையின் 541, 550 ஆகிய தீர்மானங்கள் அந்த அறிவிப்பைச் செல்லாது என்றன.

தெற்கு வேறு வழியில் போனது. துருக்கிய சைப்ரியரின் நிலம் அவர்கள் பெயரிலேயே இருக்கும், ஆனால் நிர்வாகம் உள்துறை அமைச்சரிடம். 1991ஆம் ஆண்டின் 139ஆம் எண் சட்டம் அவரைக் காப்பாளர் ஆக்கியது. 'அசாதாரண நிலை' நீங்கும்வரை இந்த ஏற்பாடு தற்காலிகமானது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தற்காலிகம் முப்பது ஆண்டைத் தாண்டிவிட்டது. உரிமையாளர் தன் வீட்டில் குடியேறவோ விற்கவோ காப்பாளரின் தயவு வேண்டும். வடக்கில் வாழ்பவருக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. இதற்கிடையில் அந்த வீட்டில் ஒரு கிரேக்க அகதிக் குடும்பம் மூன்றாம் தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருக்கும்.

தெற்கின் ஏற்பாடு சட்டப்படி நேர்மையானது, வடக்கின் ஏற்பாடு பறிமுதல் என்று சொல்வது எளிது. காகிதத்தைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் பெயர் மட்டும் தன்னிடம், சாவி அமைச்சரிடம் என்று இருப்பவருக்கு இந்த வேறுபாடு எவ்வளவு ஆறுதல் தரும் என்பது எனக்குச் சந்தேகம். தெற்கிலுள்ள லார்னகாவில் வீடு வைத்திருந்த துருக்கிய சைப்ரியப் பெண் ஒருவர் இதை ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2010இல் சைப்ரஸ் அரசு 5,00,000 யூரோ கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதே ஆண்டில் சட்டத்தையும் கொஞ்சம் தளர்த்தியது.

ஸ்ட்ராஸ்பர்க் வாசலை முதலில் திறந்தது கைரீனியா வழக்கு. லொயிஸிடூ எதிர் துருக்கி என்று சட்ட மாணவர்கள் உலகெங்கும் படிப்பது அதைத்தான். வாதி கைரீனியாவில் வளர்ந்தவர், திருமணமாகி 1972இல் நிக்கோசியா போனவர். கைரீனியாவில் அவருக்கு மனைகள் இருந்தன. அதில் ஒன்றில் அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்தபோது படை வந்தது. 1989 மார்ச்சில், 'பெண்கள் வீட்டுக்கு நடக்கிறார்கள்' என்ற ஊர்வலத்தில் பச்சைக் கோட்டைத் தாண்டியபோது துருக்கிய சைப்ரியக் காவலர்கள் அவரைப் பிடித்துவைத்திருந்து திருப்பியனுப்பினார்கள். அவ்வாண்டு ஜூலையில் வழக்குத் தொடுத்தார்.

துருக்கியின் வாதம் இரண்டு. வடக்கு தனிநாடு, அங்கே நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல என்பது ஒன்று. நீதிமன்றத்தின் அதிகாரத்தை நாங்கள் ஏற்றது 1990 ஜனவரியில்தான், நிலம் அதற்கு முன்பே 159ஆம் பிரிவின்படி கைமாறிவிட்டது, முடிந்த கதையை எப்படி விசாரிப்பீர்கள் என்பது மற்றொன்று. 1996 டிசம்பர் 18இல் வந்த தீர்ப்பு இரண்டையும் தள்ளியது. வடக்கில் பல்லாயிரம் துருக்கிப் படையினர் இருக்கிறார்கள், அந்தப் பகுதி துருக்கியின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆகவே பொறுப்பும் துருக்கியுடையது. உலகம் அங்கீகரிக்காத அரசின் அரசமைப்பு ஒருவரின் நிலத்தை எடுத்துவிட முடியாது, ஆகவே இன்றுவரை உரிமையாளர் அவர்தான். உரிமையாளரை அவர் நிலத்துக்குள் விடாமல் தடுப்பது 1974இல் நடந்து முடிந்த செயல் ஆகாது. அது ஒவ்வொரு நாளும் புதிதாக நடக்கும் மீறல்.

இந்த 'தொடரும் மீறல்' என்ற கருத்தின் வலிமையைச் சொத்து வழக்கு நடத்தியவர்கள் சட்டென்று உணர்வார்கள். நம் நீதிமன்றங்களில் எதிராளி பன்னிரண்டு ஆண்டுகள் பகிரங்கமாக அனுபவித்துவிட்டால் அனுபவ பாத்தியதை பேசலாம். சைப்ரஸில் காலம் எதிராளிக்குச் சாதகமாக ஓடவில்லை, அவருடைய கடனைத்தான் ஏற்றிக்கொண்டு போனது. இலங்கையிலும் இதே சிக்கலுக்கு நாடாளுமன்றம் ஒரு பதில் சொல்லியிருக்கிறது. போரால் இடம்பெயர்ந்தவரின் காணியில் வேறொருவர் இருந்தால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். அங்கே போர் முடிந்த தேதி ஒன்று இருந்ததால் சட்டமும் தேதி போட முடிந்தது. சைப்ரஸில் போர்நிறுத்தம் உண்டு, முடிவு இல்லை.

தீர்ப்பு 11க்கு 6 என்ற கணக்கில் வந்தது. மாறுபட்டவர்களில் துருக்கிய நீதிபதி மட்டும் இல்லை. இரு சமூகங்களின் பிரச்சினையை ஒரு தனிமனிதரின் மனை வழக்காகச் சுருக்கித் தீர்க்க முடியுமா என்ற தயக்கம் வேறு சிலரின் குறிப்புகளிலும் தெரிந்தது. அந்தத் தயக்கத்தை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. 1998இல் நீதிமன்றம் 3,00,000 சைப்ரஸ் பவுண்டு நிலத்தைப் பயன்படுத்த முடியாத இழப்புக்கும், 20,000 பவுண்டு மன உளைச்சலுக்கும் தரச் சொன்னது. நிலத்தின் விலை இந்தத் தொகையில் சேரவில்லை. நிலம்தான் இன்னும் அவருடையதாயிற்றே! துருக்கி ஐந்தாண்டுகள் இழுத்தடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் ஆசை வலுத்த காலத்தில், 2003 டிசம்பரில், வட்டியோடு பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் கட்டியது.

அதன்பின் ஸ்ட்ராஸ்பர்க்கில் மனுக்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிரேக்க சைப்ரியர்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொச்சான்.

இதே காலத்தில் நிலவரம் வேறு திசையிலும் மாறிக்கொண்டிருந்தது. 2003 ஏப்ரல் 23இல் பச்சைக் கோட்டின் கடவைகள் திறந்தன. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஆட்கள் இரு பக்கமும் போய்த் தங்கள் பழைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் 24இல், தீவை மீண்டும் ஒன்றிணைக்க ஐ.நா. முன்வைத்த அன்னான் திட்டத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தது. வடக்கில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் சரி என்றார்கள், தெற்கில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அந்தத் திட்டத்தின் சொத்துப் பகுதி, பெரும்பாலான உரிமையாளர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு நிலத்தைத் திருப்பித் தந்து, மிச்சத்துக்குக் கடன்பத்திரம் தருவதாக இருந்தது. அதில் ஒரு விதி, மனையின் மதிப்பைவிட அதிக மதிப்புள்ள கட்டடத்தை எழுப்பியவர் அந்த மனையையே வாங்கிக்கொள்ள வழிசெய்தது. திட்டம் தோற்றது. ஆனால் கட்டினால் நிலம் நமக்கே என்ற எண்ணம் வடக்கில் ஊன்றிவிட்டது. கைரீனியா கடற்கரையில் மாளிகைகள் முளைத்தன. வாங்கியவர்களில் பலர் பிரிட்டிஷ் ஓய்வூதியக்காரர்கள். 'பத்திரம் சுத்தமா?' என்று கேட்டவர்களுக்கும் விலையைப் பார்த்ததும் அந்தக் கேள்வி மறந்துபோயிருக்க வேண்டும்.

இந்த அலைக்குச் சற்று முன்பே அப்படி வந்த ஓர் ஆங்கிலத் தம்பதிதான் ஓரம்ஸ் வழக்கின் பிரதிவாதிகள். 2002இல் லாபித்தோஸில் மனை வாங்கி, சுமார் 1,60,000 பவுண்டு செலவில் நீச்சல்குளத்தோடு வீடு கட்டினார்கள். நிலம் அப்போஸ்தலிடிஸ் என்ற கிரேக்க சைப்ரியக் குடும்பத்தினுடையது. கடவை திறந்ததால் உரிமையாளர் போய்ப் பார்த்தார். அதே கடவை வழியாகத் தெற்கு நீதிமன்றத்தின் அழைப்பாணையும் போனது. அது கிரேக்க மொழியில் இருந்தது. கையெழுத்துப் போட மறுத்து வாங்கிக்கொண்ட பெண்மணிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியவில்லை. குறித்த நாளில் ஆள் வராததால் 2004 நவம்பரில் நிக்கோசியா மாவட்ட நீதிமன்றம் ஒருதலைத் தீர்ப்பு வழங்கியது: வீட்டையும் குளத்தையும் சுற்றுச்சுவரையும் இடித்து, நிலத்தை ஒப்படைத்து, நஷ்ட ஈடும் கட்ட வேண்டும்.

தெற்கு நீதிமன்றத்தின் ஆணை வடக்கில் ஒரு செங்கல்லைக்கூட அசைக்காது. ஆனால் அந்தத் தம்பதிக்கு இங்கிலாந்தில் வீடு இருந்தது. சைப்ரஸ் 2004 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடு, பிரிட்டனும் அப்போது உறுப்பு நாடு. ஓர் உறுப்பு நாட்டின் சிவில் தீர்ப்பை மற்றொன்று நிறைவேற்றித் தர வேண்டும். லண்டன் உயர் நீதிமன்றம் 2006இல் மறுத்தது. அங்கே தம்பதிக்காக வாதாடியவர் அன்றைய பிரதமரின் மனைவி ஷெரி பூத். அது தெற்கில் பெரிய அரசியல் சர்ச்சையானது. மேல்முறையீட்டில் கேள்வி லக்ஸம்பர்க்குக்குப் போனது. ஒன்றியச் சட்டம் வடக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும், தெற்கில் அமர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்பு மற்ற உறுப்பு நாடுகளில் செல்லும் என்று 2009 ஏப்ரல் 28இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2010 ஜனவரி 19இல் லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பின்பற்றியது. வடக்கில் வாங்கிய மனைக்காக இங்கிலாந்து வீடு போகலாம் என்ற செய்தி வீட்டு மனை வியாபாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது.

பழைய கொச்சானுக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடைத்ததில்லை. அந்த வெற்றி ஆறே வாரத்தில் பாதியாகிப் போனது.

குவிந்து கிடந்த மனுக்களைத் தானே ஒவ்வொன்றாக விசாரிக்க முடியாது என்று ஸ்ட்ராஸ்பர்க்குக்குப் புரிந்திருந்தது. உள்ளூரிலேயே பயனுள்ள ஒரு நிவாரணம் ஏற்படுத்துங்கள் என்று 2005இல், ஃபாமகுஸ்தாவின் புறநகரான வரோஷா பற்றிய ஒரு வழக்கில் துருக்கிக்குச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வருவதற்குச் சில நாட்கள் முன்னால் வடக்கு 67/2005 என்ற சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி 2006இல் அசையாச் சொத்து ஆணையம் வேலையைத் தொடங்கியது. ஐரோப்பிய அவையின் முன்னாள் தலைமைச் செயலாளர் டேனியல் டார்ஷிஸும் முன்னாள் துணைத் தலைமைச் செயலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் குரூகரும் அதில் வெளிநாட்டு உறுப்பினர்களாக இருந்தார்கள். நம்பகத்தன்மைக்கு இதைவிடக் கனமான பெயர்களைத் தேட முடியாது. கிரேக்க உரிமையாளர் மனுப் போடலாம். நிலம் திரும்பக் கிடைக்கலாம், தெற்கிலுள்ள துருக்கிய நிலத்தோடு பரிமாறலாம், அல்லது பணம். நடப்பில் பெரும்பாலும் பணம்.

2010 மார்ச் 1 தேதியிட்ட டெமோபுலோஸ் முடிவில் ஸ்ட்ராஸ்பர்க்கின் பெரும் அமர்வு எட்டு மனுக்களைத் தள்ளுபடி செய்தது: முதலில் ஆணையத்திடம் போங்கள். அங்கீகாரமில்லாத நிர்வாகத்தின் அமைப்பை எப்படி ஏற்பது? 1971இல் சர்வதேச நீதிமன்றம் நமீபியா பற்றிச் சொன்ன கருத்து கைகொடுத்தது: சட்டவிரோத ஆட்சியிலும் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகள் செல்லும், இல்லாவிட்டால் துன்பப்படுவது மக்கள்தான். வெறுமையை விட ஏதோ ஒரு நிவாரணம் மேல் என்பது சாரம்.

அதைவிட முக்கியமான வாதம் காலத்தைப் பற்றியது. முப்பத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. நிலம் கைமாறியிருக்கிறது, பரிசாகப் போயிருக்கிறது, வாரிசுகளுக்கு இறங்கியிருக்கிறது, அதில் மக்கள் வாழ்கிறார்கள். எல்லாருக்கும் நிலத்தையே திருப்பித் தரச் சொன்னால் இன்னொரு கூட்டம் தெருவுக்கு வரும். 1974இல் குழந்தையாக இருந்தவர் அந்த வீட்டைத் தன் 'இல்லம்' என்று எத்தனை தூரம் கோர முடியும்? சொத்துக்கு விலை உண்டு, விலையைக் கொடுத்தால் நிவாரணம்தான். லொயிஸிடூ தீர்ப்பில் உரிமையாளருக்காக ஓடிய அதே கடிகாரம், டெமோபுலோஸில் அவருக்கு எதிராக ஓடத் தொடங்கியது. நீதிமன்றம் பழைய தீர்ப்பை மாற்றியதாகச் சொல்லவில்லை. உரிமையாளர் இன்னும் உரிமையாளர்தான். அவருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் மாறியது.

தெற்கில் இதைத் துரோகம் என்றார்கள். அரசியல் அழுத்தம், வழக்குச் சுமை தாளாமல் கைகழுவுதல் என்றெல்லாம் எழுதினார்கள். சுமை ஒரு காரணம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த முடிவில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு வரி உண்டு: ஆணையத்திடம் போக யாருக்கும் கட்டாயம் இல்லை, அரசியல் தீர்வுக்காகக் காத்திருக்க விரும்புபவர் காத்திருக்கலாம். பார்க்க நடுநிலையான வாசகம். ஒரு சமூகத்தின் கோரிக்கையை ஆயிரக்கணக்கான தனித்தனி முடிவுகளாக உடைத்த வாசகமும் அதுதான்.

ஏனென்றால் ஆணையத்தில் பணம் வாங்குபவர் அந்த நிலத்தின் மீதான உரிமையை விட்டுக்கொடுக்கிறார். ஒவ்வொரு சமரசமும் வடக்கின் வரைபடத்தில் ஒரு மனையின் பழைய பெயரை அழிக்கிறது. அதனால் சைப்ரஸ் அரசு தன் குடிமக்கள் ஆணையத்திடம் போவதை விரும்புவதில்லை. அரசியல் மேடைகளில் அதைத் தாய்மண்ணை விற்பதாகப் பேசியவர்கள் உண்டு. ஆனால் எழுபது வயதில் மருத்துவச் செலவோ மகனின் கடனோ கழுத்தை நெரிக்கும்போது, 1974 முதல் வரியும் வருமானமும் இல்லாமல் பெட்டியில் கிடக்கும் காகிதத்துக்கு ஒருவர் விலை கேட்டால் அவரைக் குறைசொல்ல யாருக்கு உரிமை? இது உங்கள் மனித உரிமை, உங்களுடையது மட்டுமே என்று கால் நூற்றாண்டாக அவரிடம் சொல்லிவந்தது அதே அரசுதான். ஆணையத்தில் பதிவான மனுக்கள் ஏழாயிரத்தைத் தாண்டிவிட்டன.

பரிமாற்றம் என்ற இன்னொரு வழி இந்த முரணை இன்னும் கூர்மையாகக் காட்டியது. ஒரு கிரேக்க சைப்ரியத் தொழிலதிபர் தன் வடக்கு நிலத்தை விட்டுக்கொடுத்து, பத்து லட்சம் டாலரும் லார்னகாவிலிருந்த துருக்கிய சைப்ரியச் சொத்து ஒன்றும் பெற ஒப்புக்கொண்டார். 2008இல் ஸ்ட்ராஸ்பர்க் அந்தச் சமரசத்தைப் பதிவு செய்தது. அந்த லார்னகா நிலம் எப்படி வடக்கின் கையில் வந்தது? அதன் துருக்கிய உரிமையாளர் எழுபதுகளின் புள்ளித் திட்டத்தில் எழுதிக் கொடுத்த உரிமை வழியாக. தெற்கு அரசு அந்தப் பெயர்மாற்றத்தை ஏற்க மறுத்தது. ஏற்றால் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பின்கதவு வழியாக அங்கீகரித்ததாகும். அவரவர் சொத்து, அவரவர் விருப்பம் என்ற கொள்கை, இரு தரப்பும் மனமொத்து மாற்றிக்கொள்ள வந்தபோது முட்டிக்கொண்டு நின்றது.

ஆணையமும் சொன்னபடி ஓடவில்லை. மனு ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. ஆவணம் போதாது என்று திரும்ப வருகிறது. முடிவான தொகைகூட நிதியில்லாமல் தாமதமாகிறது. 2017இல் ஒரு வழக்கிலும், 2025இல் வரோஷாவில் சொத்துள்ள ஒரு நிறுவனத்தின் வழக்கிலும் ஸ்ட்ராஸ்பர்க் இந்த இழுத்தடிப்பையே உரிமை மீறல் என்றது. ஆனால் ஆணையத்தை ஒட்டுமொத்தமாகக் கைவிடவில்லை.

வரோஷாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபாமகுஸ்தாவின் இந்தப் புறநகர் எழுபதுகளின் தொடக்கத்தில் மத்தியதரைக் கடலின் பகட்டான விடுதி வரிசைகளில் ஒன்று. 1974 ஆகஸ்டில் மக்கள் ஓடியபின் துருக்கிப் படை அதை வேலியிட்டு மூடியது. யாரையும் குடியேற்றவும் இல்லை, பேரம்பேச வைத்துக்கொண்டது. பழைய உரிமையாளர்களைத் தவிர மற்றவர்களை அங்கே குடியேற்றக் கூடாது என்கிறது 550ஆம் தீர்மானம். ஆக, வடக்கிலேயே 'இப்போது வாழ்பவர்' என்ற எதிர்வாதம் இல்லாத பெரிய பரப்பு இதுதான். காகிதத்தில் மிக எளிய வழக்காக இருந்திருக்க வேண்டும்.

அங்கே முளைத்தது எவ்காஃப், அதாவது தீவின் முஸ்லிம் வக்ஃப் நிர்வாகம். வரோஷா நிலம் ஒட்டோமான் காலத்தில் லாலா முஸ்தபா பாஷா, அப்துல்லா பாஷா அறக்கட்டளைகளுக்கு எழுதி வைக்கப்பட்டது, இறைவனுக்குத் தந்ததை விற்க முடியாது, பிரிட்டிஷார் அதைத் தனியாருக்குப் பதிந்து கொடுத்ததே செல்லாது என்பது அதன் வாதம். 2005இல் வடக்கின் ஃபாமகுஸ்தா நீதிமன்றம் அதை ஏற்றது. வக்ஃப், தேவஸ்தான நில வழக்குகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வாதம் புதிதாகத் தோன்றாது. எதிர்த்தரப்பு 1960ஐக் காட்டுகிறது: சுதந்திர உடன்படிக்கையின்போது பிரிட்டன் துருக்கிய சமூகத்துக்கு 15 லட்சம் பவுண்டு கொடுத்தது, வக்ஃப் பற்றிய பழைய கோரிக்கைகள் அதோடு தீர்ந்தன என்று எழுதி வாங்கியது. 1974இன் கொச்சானை வெல்ல முடியாதவர்கள் நானூறு ஆண்டுப் பழைய கொச்சானை எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்பதே என் வாசிப்பு. பழைய பத்திரம்தான் பெரிது என்று வாதாடியவர்களுக்கு அதைவிடப் பழைய பத்திரம் ஒன்று பதிலாக வந்தது. 2020 அக்டோபரில் வரோஷாவின் கடற்கரைப் பகுதியை வடக்கு திறந்துவிட்டது. மறு ஆண்டு ஜூலையில் அதன் 3.5 விழுக்காட்டை ராணுவப் பகுதி என்ற நிலையிலிருந்து விடுவிப்பதாகவும், உரிமையாளர்கள் ஆணையத்திடம் மனுப் போடலாம் என்றும் அறிவித்தது.

தெற்கு இப்போது குற்றவியல் பக்கம் திரும்பியிருக்கிறது. உரிமையாளரின் சம்மதமில்லாமல் அவர் நிலத்தை விற்பது, வாடகைக்கு விடுவது, விளம்பரப்படுத்துவது குற்றம் என்று 2006இல் தண்டனைச் சட்டத்தில் 303ஏ பிரிவை விரித்தெழுதினார்கள். ஏழாண்டு வரை சிறை. பலகாலம் ஏட்டளவில் இருந்த அந்தப் பிரிவின்கீழ் 2024 முதல் வெளிநாட்டுக் கட்டுமான முதலாளிகளையும் முகவர்களையும் கைது செய்கிறார்கள். 2025இல் சிறைத்தண்டனைகளும் வந்தன. சிவில் வழக்கு எதிராளியின் பணத்தைத்தான் தேடிப் போகும், இது ஆளையே பிடிக்கிறது. அந்நிய முதலீடு கொஞ்சம் தயங்கும் என்பது நிச்சயம். இதே சட்டம் தன் சொந்த நிலத்தை ஆணையத்திடம் ஒப்படைக்கும் கிரேக்க சைப்ரியரைத் தொடாது, ஏனென்றால் அங்கே உரிமையாளரின் சம்மதம் இருக்கிறது.

பேச்சுவார்த்தை மேசையில் சொத்து தனி அத்தியாயம். 2015இல் கிரேக்க சைப்ரியத் தலைவர் அனஸ்தாசியாடிஸ், துருக்கிய சைப்ரியத் தலைவர் அக்கின்ஜி இருவரும் தனிமனிதரின் சொத்துரிமையை மதிப்பது என்றும், திருப்பித் தருதல், பரிமாற்றம், இழப்பீடு ஆகிய வழிகளை ஓர் ஆணையம் முடிவு செய்யும் என்றும் கொள்கையளவில் ஒத்துப்போனார்கள். சிக்கியது முன்னுரிமையில்: முதல் வார்த்தை இழந்தவருடையதா, இருப்பவருடையதா? கிரேக்கத் தரப்பு முதலாவதைப் பிடித்தது, துருக்கியத் தரப்பு இரண்டாவதை. இருப்பவர் என்றால் 1975இல் அகதியாக வந்த குடும்பமும், 2019இல் இணையத்தில் படம் பார்த்து மாடிவீடு வாங்கிய வெளிநாட்டாரும் ஒரே வரிசையில் நிற்பார்களா என்பது அதனினும் கடினமான கேள்வி. 2017 ஜூலையில் ஸ்விட்சர்லாந்தின் கிரான்ஸ்-மொன்டானாவில் பேச்சு முறிந்தபோது இழப்பீட்டுக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதும் முடிவாகியிருக்கவில்லை. அதன்பிறகு வடக்கில் கட்டுமானம் நிற்கவில்லை. எதிர்காலத்தில் யாராவது கொடுக்க வேண்டிய தொகை, லாபித்தோஸ் சரிவில் எழும் ஒவ்வொரு மாடியோடும் கூடுகிறது.